‘உடையவே உடையாது’ என்று விற்கிற பொம்மையை வாங்காதீர்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் லாப்ரடார் புருனோவுக்கு 14 மாதம். 35 நாள் குட்டியாக வாங்கினோம். விற்றவரே ஒரு பை நிறையப் பொம்மைகளை இலவசமாகக் கொடுத்தார், எதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. அப்புறம் செருப்பு, டிவி ரிமோட், போன மாதம் சோபாவின் ஒரு கை என்று எல்லாம் போய்விட்டது. பயிற்சி கொடுக்க வருபவர், கெட்டியான நைலான் எலும்பும் மான் கொம்பும் தானே வாங்கித் தருவதாகவும் 3,500 ரூபாய் ஆகும் என்றும் சொல்கிறார். அதுவாவது உடையாமல் இருக்குமா? கடையில் விற்கும் வெள்ளை எலும்பே போதுமா? நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலெல்லாம் அவன் தனியாகத்தான் இருக்கிறான்.”

அந்த 3,500 ரூபாயை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

உடையாமல் இருக்குமா என்று கேட்கிறீர்கள். இருக்கும். உடையப் போவது புருனோவின் பல். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேல்தாடையில் இரண்டு பக்கமும் நடுவில் பெரிதாக ஒரு பல் இருக்கும், கெட்டியான பொருளை நாய் அதில் வைத்துத்தான் கடிக்கும். பல்லைவிடக் கெட்டியான பொருள் கிடைத்தால், அந்தப் பல்லின் வெளிப்பக்கம் தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு தகடாகப் பெயர்ந்து வந்துவிடும். நாய் அன்றைக்கும் சாப்பிடும், மறுநாளும் சாப்பிடும், வாலை ஆட்டும். வீட்டில் யாருக்கும் தெரியாது. சில மாதம் கழித்து, “டாக்டர், கண்ணுக்குக் கீழே கட்டி வந்து உடைந்து சீழ் வடிகிறது, கண் மருந்து கொடுங்கள்” என்று கூட்டிக்கொண்டு வருவார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் அங்கே இருக்கும். மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுக்க வேண்டும். மூன்று வேர் உள்ள பல், சீக்கிரம் வராது.

பொம்மையைக் கையில் எடுத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, அப்படியே திரும்பக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நகத்தில் சந்தேகம் என்றால் அந்தப் பொருளால் உங்கள் முழங்கால் சில்லில் ஒரு தட்டுத் தட்டுங்கள், வலித்தால் வேண்டாம். நைலான் எலும்பு, கொம்பு, குளம்பு, கறிக்கடை நல்லி எலும்பு, யாக் சீஸ் என்று இப்போது விற்கும் கல் மாதிரியான பாலாடைக் கட்டி, எல்லாமே இந்தச் சோதனையில் தோற்கும். மான் கொம்பில் இன்னொரு வம்பும் இருக்கிறது. நம் ஊர் மான்களின் கொம்பை வியாபாரம் செய்ய 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. உங்கள் பயிற்சியாளர் கொண்டுவருவது எந்த நாட்டு மானுடையது என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

வெள்ளை எலும்பு என்று விற்பது எலும்பே இல்லை. மாட்டுத் தோலின் உள்பக்கத்தை உரித்து, சுண்ணாம்பு போன்றவற்றில் ஊறவைத்து, வெளுக்க வைத்து, முறுக்கி முடிச்சுப் போட்டது. எச்சிலில் ஊறியதும் கொழகொழவென்று ஆகும். பொறுமையான நாய் அதை நக்கி நக்கிக் கரைக்கும். லாப்ரடாருக்கு ஏது பொறுமை? முடிச்சைப் பிய்த்து அப்படியே விழுங்கிவிடும். தொண்டையில் நின்றால் மூச்சு முட்டும், வயிற்றுக்குள் போனால் ஊறிப் பெருத்து வழியை அடைக்கும். வேண்டாம்.

இந்தக் ‘கிட்’ வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குட்டி விற்பவர் கொடுத்த இலவசப் பை இலவசம் இல்லை, குட்டியின் விலையிலேயே அது சேர்ந்திருக்கிறது. மொத்த விலைக்கடையில் எடை போட்டு வாங்கிய கீச்சுப் பொம்மைகள்தான் அதில் இருக்கும். கீச்சென்று கத்தும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டுக்காகவே நாய் பொம்மையின் வயிற்றைக் கிழிக்கும், கிழித்ததும் அதை விழுங்கும். பயிற்சியாளர் ஒருவர் பொம்மையைத் தானே வாங்கித் தருகிறேன் என்றால், எந்தக் கடை, பில் எங்கே என்று கேளுங்கள். பில் வராது. நாய்க்கு ‘உட்கார்’ சொல்லிக் கொடுக்கக் கூலி வாங்குகிறவர் கூலியோடு நிற்கட்டும். எல்லாப் பயிற்சியாளரும் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் 3,500 ரூபாய்க்குக் கொம்பும் நைலானும் பரிந்துரைப்பவரை நல்லவர் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

35 நாளில் குட்டியை விற்றாரே, 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. யார் கேட்கிறார்கள்? கூடப் பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரளும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை முடிக்காமலே உங்கள் வீட்டுக்கு வந்தவன் புருனோ.

பொம்மைக்கும் இதே கதைதான். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நாள் முழுக்கப் பல்லுக்கு நடுவில் கிடந்து, பாதி வயிற்றுக்குள்ளேயே போகிற நாய்ப் பொம்மைக்கு அந்த ஆணை பொருந்தாது. ‘நச்சுத்தன்மை அற்றது’, ‘100 சதவீதம் உடையாதது’ என்று யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்துக்கொள்ளலாம். அட்டையைப் படிக்காதீர்கள், நகத்தால் அழுத்துங்கள்.

சரி, எதை வாங்குவது? உள்ளே குடைவாக இருக்கும் கனமான இயற்கை ரப்பர் பொம்மை. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பழைய ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுது பார்க்கும்போது அவர் கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்று நாய்க்குப் பிடித்துப்போனது. அப்படிப் பிறந்ததுதான் ‘காங்’. அதில் சிவப்பு சாதாரண நாய்க்கு, கறுப்பு முரட்டுக் கடியருக்கு. புருனோவுக்குக் கறுப்பு, பெரிய அளவு. வேறு கம்பெனி ரப்பரும் பரவாயில்லை, நகம் இறங்கினால் போதும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் போலியைப் பிதுக்கிப் பாருங்கள். சுவர் மெல்லியதாக இருக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். அளவில் ஒரே விதி: முழுப் பொம்மையும் நாயின் வாய்க்குள் போய்விடக் கூடாது. பந்துக்கும் இதுதான். டென்னிஸ் பந்து லாப்ரடாரின் தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், அதன் மேலுள்ள சொரசொரப்பு பல்லையும் தேய்க்கும்.

வெறும் ரப்பரைப் போட்டால் புருனோ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ராத்திரி தயிர்சாதத்தைக் குழைத்து, உப்பும் தாளிப்பும் வெங்காயமும் இல்லாமல், வேகவைத்த பூசணியோ கேரட்டோ சேர்த்து உள்ளே திணித்து ஃபிரீசரில் வையுங்கள். காலையில் செருப்பு மாட்டும்போது கொடுங்கள். ஈரோட்டு வெயிலுக்கு அவனுக்கும் சுகம், கொஞ்ச நேரம் நக்கிக்கொண்டு கிடப்பான். அந்த அளவைக் காலைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். லாப்ரடார் காற்றைக் குடித்தாலும் பெருக்கும். வேர்க்கடலை பட்டர் தடவுவதாக இருந்தால் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், ‘சைலிட்டால்’ என்ற இனிப்பு இருந்தால் தொடவே கூடாது. கொஞ்சம் போனாலும் நாய்க்கு ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும்.

கயிற்றுப் பொம்மை கூடாது. பிரிந்த நூலை விழுங்கினால், ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, பாவாடைக்கு நாடா இழுத்த மாதிரி குடல் முழுவதும் சுருங்கிக் கொசுவமாகும். நூல் குடலை அறுத்துவிடும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: கயிற்றின் மறுமுனை உங்கள் கையில் இருக்கும்போது. அதாவது இழுக்கும் விளையாட்டுக்கு மட்டும். பக்கவாட்டில் இழுங்கள், மேலே தூக்கிக் கழுத்தை உலுக்க வேண்டாம். நடுவில் ‘விடு’ என்று சொல்லி ஒரு துண்டுத் தீனியை மூக்கருகே காட்டுங்கள். விட்டதும் தீனியைக் கொடுத்துவிட்டு மறுபடி கயிற்றைக் கொடுங்கள். கூரியர்காரர் மணி அடித்தால் கயிற்றையும் கையோடு எடுத்துக்கொண்டே வாசலுக்குப் போங்கள். விளையாட்டு முடிந்ததும் ஆணியில் மாட்டுங்கள். மேசை மேல் வைத்தால் மேசை அவனுக்கு உயரமே இல்லை. வாரம் ஒருமுறை நூல் பிரிந்திருக்கிறதா பார்த்து, பிரிந்திருந்தால் குப்பைக்கு. இத்தனையும் செய்ய முடியாது என்றால் விதிவிலக்கும் இல்லை.

புருனோவுக்குப் பல் முளைக்கும் வயது தாண்டிவிட்டது, அது 7 மாதத்தோடு முடிகிற விஷயம். இப்போது அவன் கடிப்பது பொழுது போகாமல். வேலைக்குப் போகும் முன், தார்ச் சாலை சுடுவதற்குள், முக்கால் மணி நேரம் நடக்க விடுங்கள், நின்று நின்று மோந்து பார்க்கவும் விடுங்கள். மாலையில் அவன் தீனியில் பத்துப் பதினைந்து துண்டுகளை அறையில் ஒளித்துவைத்து ‘தேடு’ என்று சொல்லுங்கள். முதல் நாள் கண் முன்னால் வையுங்கள், நாலாம் நாள் கதவுக்குப் பின்னால். மூக்கை வைத்து வேலை செய்த நாய் சோர்ந்துபோய்த் தூங்கும். நாலு பொம்மை இருந்தால் இரண்டை ஒளித்துவைத்து வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பணம் கொடுக்காமல் வரும் பொம்மை ஒன்று இருக்கிறது, மாங்கொட்டை. கோடையில் நான் நாய் வயிற்றைக் கிழித்து எடுப்பதில் அதுதான் அதிகம். நார் கூடப் போகாமல் அப்படியே கிடக்கும். குடலுக்குள் நுழையும் அளவு, வெளியே வராத அளவு. மாம்பழம் சாப்பிட்டால் கொட்டையை மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

எதையாவது விழுங்கிவிட்டான் என்று தெரிந்தால் வாந்தி வரவைக்க உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பே நாயைக் கொன்றுவிடும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாடு வேண்டாம் என்பது, வயிற்றைத் தொட்டால் சிணுங்குவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் துணியும் பஞ்சும் பல நேரம் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பினால் ஸ்கேனும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். சோபாவின் கை போன அன்று, உள்ளே இருந்த பஞ்சு முழுவதும் தரையில் கிடந்ததா, கொஞ்சம் காணாமல் போனதா? ரிமோட்டின் பேட்டரி இரண்டும் கிடைத்தனவா? சரியாக நினைவில்லை என்றால், புருனோ நன்றாகச் சாப்பிட்டாலும் இந்த வாரம் ஒருமுறை வயிற்றைக் காட்டிவிடுங்கள். காட்டும்போது மேலுதட்டைத் தூக்கி அந்தப் பெரிய பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.