பரம்படித்த வயலில் ஏவுகணைக்கு என்ன அடையாளம்?

திடீரென்று இடி மாதிரி சத்தம், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்கிறது. பிரம்மோஸ் ஏவுகணையை ஏவிப் பார்க்கிறார்களா? (வல்லம் வாசகர்)

இல்லை. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் போர் விமானம் எழுப்பும் அதிர்வலை அப்படித்தான் கேட்கும். 2020 ஜனவரி 20 முதல் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222ஆம் ஸ்குவாட்ரனின் சுகோய்-30 விமானங்கள் இருக்கின்றன. வயிற்றுக்கு அடியில் இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஒன்றைச் சுமக்கக்கூடியவை. ஆனால் யாரும் ஊர் தலைக்கு மேல் ஏவிப் பார்ப்பதில்லை. சுகோயிலிருந்து முதன்முதலில் ஏவியது 2017 நவம்பரில், வங்கக் கடல்மேல்.

கூகுள் மேப் என்னைப் பலமுறை வாய்க்கால் கரையில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. விமானம் மாதிரி எஞ்சின் ஓடிக்கொண்டே ஆயிரம் கி.மீ. போகிற குரூஸ் ஏவுகணை எப்படி வழி தவறாமல் போகிறது? (கும்பகோணம் மாணவி)

கும்பகோணத்தில் பஸ் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திருப்பத்தையும் பிரேக்கையும் வைத்தே 'இது பாபநாசம்' என்று சொல்லலாம். ஏவுகணைக்குள் இருக்கும், திருப்பத்தை அளக்கும் ஜைரோஸ்கோப்பும் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் செய்வதும் இதைத்தான். நேரம் ஆக ஆகப் பிழை சேரும். அய்யம்பேட்டை தாண்டியும் பாபநாசம் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். செயற்கைக்கோள் அதைத் திருத்தும். ஆனால் போர் என்று வந்தால் எதிரி முதலில் குழப்புவது அந்த சிக்னலைத்தான்.

அதனால் இன்னொரு வழியும் உண்டு. கீழே தரை எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று ரேடாரால் அளந்து, முன்பே ஏற்றிவைத்த வரைபடத்தோடு ஒப்பிடுவது. அமெரிக்காவின் டோமஹாக் ஏவுகணை இதில் பேர்போனது. மலையும் குன்றும் உள்ள ஊரில் அருமையாக வேலை செய்யும். நம் டெல்டாவில்? தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை பரம்படித்த வயல் மாதிரி கிடக்கிறது. படித்துப் பார்க்க ஒரு மேடு இல்லை. கடல்மேலும் இதே கதை. அங்கெல்லாம் செயற்கைக்கோள், கேமரா, இலக்கைத் தேடும் ரேடார் என்று பலதையும் நம்பியாக வேண்டும்.

'காவிரி' எஞ்சின் என்று செய்தார்களே, அதுதான் ஏவுகணையில் ஓடுகிறதா? (திருவையாறு வாசகர்)

பெயரைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டீர்கள். காவிரி, தேஜஸ் போர் விமானத்துக்காக 1989இல் தொடங்கிய பெரிய எஞ்சின். எதிர்பார்த்த உந்துவிசை வரவில்லை, தேஜஸ் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. காவிரியைச் செய்த அதே பெங்களூர் ஆய்வகம் குரூஸ் ஏவுகணைக்கென்று செய்த குட்டி எஞ்சின் 'மாணிக்'.

2013 மார்ச்சில் நம் நாட்டு குரூஸ் ஏவுகணையான நிர்பயின் முதல் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2014இல் வெற்றி, பிறகு மறுபடியும் சறுக்கல். அப்போதெல்லாம் ரஷ்ய எஞ்சின். உள்நாட்டு மாணிக் எஞ்சினோடு 2024 ஏப்ரலில் ஒடிசா கடற்கரையிலிருந்து நன்றாகப் பறந்தது. ஆயுளில் ஒரே ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடினால் போதுமே, அதில் என்ன கஷ்டம் என்பார்கள். கோடை முழுக்கச் சும்மா கிடந்த டீசல் எஞ்சினைக் குறுவைக்கு ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இது வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்துவிட்டு, சொன்ன நொடியில் பற்ற வேண்டும்.

பிரம்மோஸ் தூரம் 290 கி.மீ. என்றார்கள். 300 என்று வைத்தால் என்ன? (மன்னார்குடி வாசகர்)

300 கி.மீ. அல்லது அதற்கு மேல் போகும் ஏவுகணைத் தொழில்நுட்பத்தை வெளிநாட்டோடு பகிரக் கட்டுப்பாடு போட்ட கூட்டமைப்பில், பிரம்மோஸை நம்மோடு சேர்ந்து செய்யும் ரஷ்யா உறுப்பினர். 2016 ஜூனில் இந்தியாவும் சேர்ந்தது. அடுத்த மார்ச்சிலேயே தூரம் கூட்டிய பிரம்மோஸைச் சோதித்தார்கள். அதுவரைக்கும், ஸ்டேஜ் தாண்டினால் டிக்கெட் கூடும் என்று முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்ட கதைதான்.