மேகத்துக்கு மேலே சிவப்பு ஒளி: கேமராவை எங்கே திருப்புவது?

கேள்வி: அமெரிக்காவின் டென்வரில் வசிக்கிறேன். இடிமழை வரும் இரவுகளில் 'ஸ்பிரைட்' எனும் சிவப்பு ஒளியைப் படமெடுக்க முயல்கிறேன். வெறும் மின்னல்தான் பதிவாகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: இடிமழை உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது, அங்கேதான் தவறு. ஸ்பிரைட் தோன்றுவது 50 முதல் 90 கி.மீ. உயரத்தில். இடையில் மேகம் மறைத்தால் எவ்வளவு விலையுயர்ந்த கேமராவும் வீண்தான். உங்கள் ஊரில் வானம் தெளிந்து, கிழக்கே கான்சாஸ், நெப்ராஸ்கா சமவெளியில் 200 முதல் 400 கி.மீ. தொலைவில் மேகம் திரண்டிருக்கும் கோடை இரவுக்குக் காத்திருங்கள்.

எல்லா மின்னலும் ஸ்பிரைட்டைக் கிளப்பிவிடாது. தரையில் விழும் மின்னல்களில் பெரும்பாலானவை எதிர்மின்னேற்றத்தை இறக்குபவை. அரிதாக விழும் நேர்மின்னல், அதாவது நேர்மின்னேற்றத்தை இறக்கும் மின்னல், பரந்த மேகப் பரப்பிலிருந்து ஏராளமான மின்னேற்றத்தை நொடிப்பொழுதில் வழித்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. அந்தக் கணமே மேகத்துக்கு மேலே மின்புலம் எகிறுகிறது. 75 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் சுமார் 30,000-இல் ஒரு பங்கே. தரையருகே ஒரு பொறிகூடக் கிளப்ப முடியாத மின்புலம் அங்கே தாராளமாகப் போதும். நைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது; கீழே இறங்கும் இழைகள் நீலம். இப்படி நடக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920-களிலேயே கணித்திருந்தார். முதல் படமோ 1989 ஜூலையில், மினசோட்டா பல்கலைக்கழகத்தார் ராக்கெட் ஆய்வுக்கான கேமராவைச் சோதித்தபோது தற்செயலாகச் சிக்கியது. உங்களுக்கும் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும்.

மேகம் 300 கி.மீ. தள்ளி இருந்தால், அதன் உச்சி தொடுவானத்தை ஒட்டியே தெரியும். ஸ்பிரைட் 8 முதல் 15 பாகை உயரத்தில் வரும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே தொடுவானத்தைச் சட்டகத்தின் அடியில் வைத்து, மேலே வானத்துக்கு இடம் விடுங்கள். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 3200-க்குக் குறையாமல். ஃபோகஸை ஏதாவது ஒரு நட்சத்திரத்தில் கையால் நிறுத்துங்கள். ஒளி நீடிப்பது சில மில்லிநொடிகள்தான் என்பதால் வீடியோவாகவே எடுப்பது என் பரிந்துரை. ஷட்டரை அரை நிமிடம் திறந்துவைத்தால் மற்ற மின்னல்களின் வெளிச்சம் அதை விழுங்கிவிடும்.

பளிச்சிடல் குறைந்ததும் மூட்டை கட்டிவிடாதீர்கள். மேகக்கூட்டம் தளர்ந்து, மழை அகலமாகப் பரவும் நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தில்தான் அந்த நேர்மின்னல்கள் அதிகம் விழும்.