வன்னிக் காட்டில் கமராப் பொறி: கேள்வி பதில்

மழைக்காடுகளில் பெரிய பாலூட்டிகளைக் கணக்கெடுக்கக் கமராப் பொறி, அதாவது மிருகம் முன்னால் வந்தால் தானே படம் எடுக்கும் கமரா, வைக்கும் முறையைப் பற்றியும், அது இலங்கையின் வன்னிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மாங்குளம், உயர்தர மாணவி: கமரா மிருகத்தை எப்படி அடையாளம் காண்கிறது?

அடையாளம் காண்பதில்லை, தங்கச்சி. சூழலை விட வெப்பம் கூடிய ஏதோ ஒன்று முன்னால் அசைகிறது என்பதை மட்டும் சென்சர் உணரும். அதனால்தான் வன்னியின் கடும் வெயிலில், நிலமும் மிருகத்தின் உடம்பும் ஒரே சூட்டில் இருக்கும் நண்பகலில், முன்னால் போகும் மானையே அது விட்டுவிடலாம். சிங்கராஜா போன்ற மழைக்காட்டில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஈரம்தான் எதிரி: லென்ஸில் நீராவி படியும், பெட்டிக்குள் எறும்பு குடியேறும். 1920களில் அமெரிக்கப் பறவையியலாளர் பிராங்க் சப்மன் பனாமாவின் பரோ கொலராடோ தீவுக் காட்டில் இதைச் செய்தபோது சென்சர் கிடையாது. பாதையில் கட்டிய கம்பியில் மிருகம் கால்வைத்தால் படம் விழும்.

ஒட்டுசுட்டான், விவசாயி: வயற்கரைக் காட்டில் வைத்த கமராவில் சிறுத்தை ஏழு தரம் விழுந்தது. ஏழு சிறுத்தையா?

ஒன்றாகவும் இருக்கலாம் ஐயா. புள்ளிக் கோலத்தை ஒப்பிட்டால் தெரியும், ஒரு சிறுத்தையின் கோலம் இன்னொன்றுக்கு வராது. ஆனால் ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு. அதனால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கமரா வைக்க வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால் ஒரே விலங்கை இரண்டாக எண்ணும் ஆபத்து உண்டு.

அப்புறம்தான் கணக்கு. முதற் சுற்றில் 10 சிறுத்தை, இரண்டாம் சுற்றிலும் 10, அதில் 5 ஏற்கெனவே பார்த்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தைப் பத்தால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் அந்தக் காட்டில் ஏறத்தாழ 20. உல்லாஸ் கரந்த் இந்தியாவின் நாகரஹொளேயில் புலிகளை வரியால் அடையாளம் கண்டு 1995இல் வெளியிட்ட ஆய்வுக்கும் அடிப்படை இதுதான், அவருடைய கணக்கு இதைவிட நுணுக்கமானது. மரைக்கும் பன்றிக்கும் இப்படி உடம்பில் அடையாளம் இல்லை. அவற்றைத் தலை எண்ண முயலாமல், எத்தனை இடங்களில் நடமாடுகின்றன என்று பாருங்கள்.

துணுக்காய்: இரண்டு மாதம் வைத்தும் கரடி விழவில்லை. இங்கே கரடி இல்லை என்று எழுதலாமா?

தயவுசெய்து எழுத வேண்டாம். இந்த ஒரு வரியால்தான் காடுகள் பறிபோகின்றன. "ஒன்றுமில்லாத காடு" என்று யாராவது எழுதிவிட்டால் அதை வெட்டுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

கரடி உள்ள இடத்தில் ஒரு வாரத்தில் அது கமராவில் விழும் வாய்ப்பு 20 சதவீதம் என்று கொள்வோம். எட்டு வாரமும் விழாமலே போகும் வாய்ப்பு ஏறத்தாழ 17 சதவீதம். அதே காட்டில் தள்ளித் தள்ளி இரண்டு கமரா இருந்தால் அது 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே எத்தனை கமரா, எத்தனை நாள் என்று சொல்லாமல் "இல்லை" என்பதற்குப் பொருள் கிடையாது. கிளறிய புற்றும் பாலை மரத்தில் நகக்கீறலும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பாலை பழுக்கும் காலத்தில் கரடி அந்த மரங்களைத் தேடி வரும். ஆனால் பாலையடியில் மட்டும் வைத்து எடுத்த கணக்கை முழுக் காட்டுக்கும் பொருத்தக்கூடாது.

நெடுங்கேணி, ஆசிரியர்: மழைக்காட்டு ஆய்வுகளில் எத்தனை கமரா வைக்கிறார்கள்?

டீம் என்ற பன்னாட்டு வலையமைப்பின் முறையில் ஒரு காட்டுக்கு 60 இடங்கள், ஒன்று அல்லது இரண்டு சதுர கிலோமீற்றருக்கு ஒன்று, ஒவ்வோர் இடத்திலும் 30 நாள். 2011இல் வெளியான அவர்களது ஆய்வில் ஏழு காடுகளிலிருந்து ஏறத்தாழ 52,000 படங்களும் 105 வகைப் பாலூட்டிகளும் கிடைத்தன. எல்லா இடத்திலும் ஒரே முறையில் வைத்ததால்தான் ஒப்பிட முடிந்தது. நம்மிடம் பத்துக் கமராதான் என்றால் இடம் மாற்றி மாற்றி வைக்கலாம். எல்லாவற்றையும் குளக்கரையில் கட்டிவிடாதீர்கள். வரட்சியில் காடே குளத்தடியில் கூடும், எண்ணிக்கை வீங்கித் தெரியும்.

பற்றரி எது நல்லது?

லித்தியம். சாதாரண அல்கலைன் பற்றரி இறங்க இறங்க, இரவில் படம் எடுக்கக் கமரா பாய்ச்சும் வெளிச்சம் மங்கிப்போகும்.

முத்தையன்கட்டு: யானை கமராவைப் பிய்த்துவிடுகிறது.

இரும்புப் பெட்டி போட்டுப் பருத்த மரத்தில் இறுகக் கட்டுங்கள். அதற்குப் பிறகும் சில போகும், செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மடுப் பக்கம், இளைஞர் குழு: நாங்களே தொடங்கலாமா?

முதலில் அனுமதி. இடத்தைப் பொறுத்து வனஜீவராசிகள் திணைக்களமோ வனவளத் திணைக்களமோ தர வேண்டும். அடுத்தது கண்ணிவெடி. வரைபடத்தில் கமராப் புள்ளி எங்கே விழுந்தாலும் சரி, சிவப்புப் பலகை உள்ள பக்கம் போகாதீர்கள், வெடி அகற்றி முடிந்ததென்று உறுதியாகாத பற்றைக்குள்ளும் இறங்காதீர்கள். அந்தப் புள்ளியை விட்டுவிட்டு, ஏன் விட்டோம் என்று குறிப்பில் எழுதுங்கள்.

அதே குழு: கிடைத்த படங்களை முகநூலில் போடலாமா?

சிறுத்தை, அழுங்கு படங்களை இடப்பெயரோடு போடவே கூடாது. சுருக்கு வைப்பவனும் அதைப் பார்க்கிறான். படக்கோப்புக்குள் இடக்குறிப்பு பதிந்திருக்கலாம், அதையும் அழித்துவிட்டுத்தான் பகிர வேண்டும். விறகுக்கும் தேனுக்கும் வந்த ஊர்ச்சனத்தின் படங்களை யாருக்கும் காட்டாமல் நீக்குங்கள். கமரா கட்டுவதற்கு முன்பே ஊரில் அதைச் சொல்லி வையுங்கள்.