நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. மூன்று மாதத்துக்கு முன்பு, எடையைக் குறைக்க, இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தவள் 93க்கு வந்துவிட்டேன். ஆனால் சாம்பார் சாதம் நான்கு வாய் சாப்பிட்டதுமே நெஞ்சில் கல்லை வைத்ததுபோல அடைக்கிறது. சில நாள் நுரை நுரையாக வாந்தி வருகிறது. ‘இப்படிக் கொறித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்’ என்று மாமியார் இன்னும் ஒரு கரண்டி போடுகிறார். தலைமுடியும் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. ஆபரேஷன் தப்பாகிவிட்டதா மேடம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.

பதில்: பயப்படாதீர்கள், தங்கச்சி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வயிறு மாறிவிட்டது, சாப்பிடும் கை இன்னும் மாறவில்லை என்றுதான் தோன்றுகிறது. என் அக்கா இதே ஆபரேஷன் செய்துகொண்டபோது நானும் இதைக் கவனிக்கத் தவறினேன். பல வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். என்ன சாப்பிட வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேனே தவிர, அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒருநாள் பார்த்தேன். குழைந்த சாதத்தைப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டாள். இரண்டு மெல்லு, உள்ளே போய்விட்டது. நாம் எல்லோரும் அப்படித்தானே? பிசைந்த சோற்றை நாம் மெல்லுவதே இல்லை, விழுங்குகிறோம்.

ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைக்காய் போல ஒரு குழாய். அதற்குள் நான்கு பெரிய கவளம் அடுத்தடுத்துப் போனால் அடைக்கத்தான் செய்யும். அந்த நுரை, கீழே இறங்க முடியாத சாப்பாட்டின் மேல் சேரும் எச்சில். கல் வைத்ததுபோல இருக்கிறது என்றீர்களே, அதற்கு முந்தின வாயிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். வயிறு நிறைந்ததற்கு அடையாளமாகச் சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் வடியும். என் அக்காவுக்கு ஏப்பம். உங்களுக்கு எது வருகிறது என்று கவனியுங்கள்.

அக்காவுக்குத் தட்டை எடுத்துவிட்டு, குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டும் சின்னக் கிண்ணமும் டீஸ்பூனும் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் வாயில் போட்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும். கூழாகும் வரை மென்று, விழுங்கிய பிறகுதான் அடுத்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். முதல் வாரம் அவளுக்கு அழுகையே வந்தது, கையால் சாப்பிடாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்று. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

அப்புறம் தண்ணீர். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பும் பின்பும் வேண்டாம். அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்; தண்ணீரோடு காற்றும் உள்ளே போய் வயிறு உப்பும். வாய் வைத்து, மடக்கு மடக்காக, நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது.

சாதம் கடைசியில்தான். நிறைய பேருக்குக் குழைந்த சோற்றைவிட மொறுமொறு தோசை ஓரம் எளிதாக இறங்குகிறது. முதலில் முட்டையோ மீனோ பனீரோ. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12, முள் நீக்கிய வேகவைத்த மீன் 100 கிராமில் 20, பனீர் 50 கிராமில் 9, ஒரு டம்ளர் பாலில் 6, சின்னக் கிண்ணம் சுண்டலில் 6. இதையெல்லாம் ஐந்தாறு வேளையாகப் பிரித்தால்தான் முடியும். அப்படியும் எட்டவில்லை என்றால், மருத்துவமனையில் சொன்ன புரோட்டீன் பவுடர். வெள்ளிக்கிழமை விரதம் இருந்து சாயங்காலம் ஒரேயடியாகச் சாப்பிடுவது இப்போதைக்கு வேண்டாம்.

முடி கொட்டுவது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கும் நடப்பது. வேகமாக எடை குறைவதும் புரதம் போதாததும் காரணம். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தேவை. இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

ஆனால் ஒன்று. மென்று சாப்பிட்ட பிறகும் வாந்தி தொடர்ந்தால், கஞ்சியும் தண்ணீரும்கூடத் தங்காவிட்டால், ஒருநாள்கூடப் பொறுக்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போங்கள். வயிற்றுக்குழாய் எங்காவது குறுகியிருக்கலாம். வாந்தி நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும். கால் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் அதன் அறிகுறி.

மாமியாரை அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்துப் போங்களேன். உங்கள் வயிறு இப்போது எவ்வளவு பெரிது என்று மருத்துவர் கையால் காட்டட்டும். அவர் கரண்டியில் இருப்பது பாசம்தான். அதையே மீன் முள் எடுத்துக் கொடுக்கவும், சுண்டல் வேகவைக்கவும் திருப்பிவிடலாம்.

கேள்வி: என் கணவருக்கு எடையைக் குறைக்க வயிற்றில் பைபாஸ் ஆபரேஷன் செய்து எட்டு மாதம் ஆகிறது. கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் பாயசம் குடித்தார். அரைமணியில் வியர்த்து, படபடத்து, வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. மாரடைப்போ என்று நடுங்கிவிட்டோம்.
– வாசகி, திண்டுக்கல்.

பதில்: பைபாஸில் இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டி உணவு நேரே சிறுகுடலுக்குப் போகும்படி இணைத்துவிடுகிறார்கள்; அதனால் சர்க்கரை சீக்கிரமே அங்கே போய்விடுகிறது. குடல் ஏராளமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. படபடப்பும் போக்கும் பெரும்பாலும் அதனால்தான். ஆனாலும் இந்த ஒரு தடவையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலியும் சேர்ந்து வந்தால் பாயசத்தின் மேல் பழியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாயசம், பழச்சாறு, சர்க்கரை போட்ட பானம் மூன்றும் வேண்டாம். பந்தியில் பாயச வாளி வரும்போதே இலையைக் கையால் மறைத்துவிடச் சொல்லுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கினால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே அளந்து பாருங்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், பழைய சர்க்கரை மாத்திரையை அதே அளவில் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாரா? அதை இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்.