வெள்ளையடித்தால் போதாதா?

கேள்வி: எங்கள் பகுதியில் பழைய தீயணைப்பு நிலையத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். சுவரெல்லாம் கல்லு மாதிரி நிற்கிறது. ஒழுகுகிற கூரையை மாற்றி வெள்ளையடித்தால் போதாதா? எதற்கு இந்த வீண்செலவு?

பதில்: சுவரை விடுங்கள், கதவைப் பாருங்கள். அந்தக் காலத்துச் சின்ன வண்டிக்கு வைத்த கதவு அது. வண்டிதான் இப்போது பெருத்துவிட்டது. 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீரே நாலரை டன், அதோடு வண்டி, பம்ப், ஏணி, ஆட்கள் என்று எல்லாம் சேர்ந்து நிற்கிற கனத்தைக் கணக்கில் வைத்தா அன்றைக்குத் தரை போட்டார்கள்? இருபுறமும் ஒரு சாண் இடைவெளியில் ஓட்டுநர் ரிவர்ஸ் எடுத்து உள்ளே விடுவதை ஒருநாள் நின்று பாருங்கள், புரியும். இப்போது இடம் கிடைத்தால் பின்பக்கம் நுழைந்து முன்பக்கம் வெளியேறும்படிதான் கட்டுகிறார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது புகை. டீசல் புகையை 2012-லும், தீயணைப்புத் தொழிலையே 2022-லும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்துவிட்டது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. பழைய நிலையங்கள் பலவற்றில் வண்டி நிற்கிற இடத்துக்கு மேலேயே படுக்கை, கரி படிந்த உடை சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்து ஆணியில். புதுக் கட்டடங்களில் திரும்பி வந்ததும் உடையைக் கழற்றவும் துவைக்கவும் குளிக்கவும் தனிப் பகுதி இருக்கும், அதைத் தாண்டித்தான் சமையலறையும் படுக்கையும். வெள்ளையடித்து இதைக் கொண்டுவர முடியாது. பெண் வீரர்களுக்குத் தனி அறைகூட இல்லாத நிலையங்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

சரி, நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. புது நிலையம் எங்கே வருகிறது? மணி அடித்து 80 விநாடிக்குள் கிளம்பி, அடுத்த 4 நிமிடத்தில் முதல் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) தன் 1710 என்ற தரத்தில் வைத்த இலக்கு. நிலம் மலிவு என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டினால் மிச்சமாகிற பணத்தை நிமிடங்களாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம், கட்டி முடிக்கும் வரை வண்டிகள் எங்கே நிற்கும், ஆட்கள் எங்கே தங்குவார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: பழைய நிலையத்து உயரமான கோபுரம் எதற்கு? மணி கட்டவா?

பதில்: சில இடங்களில் மணியும் இருந்தது, எங்கே புகை எழுகிறது என்று ஆள் ஏறிப் பார்த்ததும் உண்டு. ஆனால் பெரும்பாலும் குழாய் காயவைக்கத்தான். நனைந்த கேன்வாஸ் குழாயைச் சுருட்டி வைத்தால் மக்கிப்போகும், அதனால் நீளவாக்கில் தொங்கவிட்டார்கள். இன்றைய செயற்கை இழைக் குழாய்களுக்கு அவ்வளவு கவனிப்பு வேண்டாம். புதிதாகக் கோபுரம் கட்டினால் அது பெரும்பாலும் ஏணிப் பயிற்சிக்கு.