பிஎஸ்ஐ 72 என்றாலும் மூச்சு இழுக்கிறதே?

கேள்வி: வயது 58, ஆஸ்துமா உண்டு. புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ என்ற காற்று மாசுக் குறியீட்டைப் பார்த்துவிட்டுத்தான் காலை நடைக்குக் கிளம்புவேன். போன வாரம் 72, மிதமான நிலை என்றது. வெளியே ஒரே கருகல் வாடை. அரை மணியில் இழுப்பு வந்துவிட்டது. சன்னலை அடைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு உட்கார்ந்தாலும் இருமல் நிற்கவில்லை. எண் தப்பா, என் உடம்பு தப்பா?
– வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: இரண்டும் தப்பில்லை அம்மா. நீங்கள் பார்த்தது 24 மணி நேரச் சராசரி. விடியற்காலையில் புகை வந்து சேர்ந்தாலும், முந்தின நாள் பகலின் நல்ல காற்றும் அந்தக் கணக்கில் இருக்கும். நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க அது போதும். இப்போதே செருப்பை மாட்டலாமா என்பதற்கு, தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் ஒரு மணி நேர பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்தூசு) அளவைப் பாருங்கள். உங்களுக்கு வடக்கு வட்டாரத்தின் எண். கனமீட்டருக்கு 55 மைக்ரோகிராம் வரை வழக்கமான நிலை, 56 முதல் 150 வரை உயர்ந்த நிலை. ஆனால் 40 இருக்கும்போதே நெஞ்சு இறுகினால் நெஞ்சு சொல்வதைக் கேளுங்கள்.

பிஎம் 2.5 என்பது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசு. மூக்கு இதைப் பிடித்து நிறுத்தாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். இதய நோயாளிகளையும் எச்சரிப்பது அதனால்தான். வாகனம், கப்பல், ஆலைப் புகையிலும் இது உண்டு. இந்தோனீசியாவின் சுமத்ரா, கலிமந்தான் பக்கம் கரிநிலம் (செடிகொடி மக்கிப் படிந்த சதுப்பு நிலம்) பற்றினால் மண்ணுக்கடியிலேயே நாள்கணக்கில் கனன்று புகையும். தென்மேற்குப் பருவக்காற்று அதை இங்கே தள்ளிவிடும்.

அப்புறம், அந்தச் சாம்பிராணி! கரித்துண்டு கனிந்து, சாம்பிராணி உருகி எழும் வெள்ளைப் புகையும் இதே நுண்தூசுதான். அடைத்த வீவக அடுக்குமாடி வீட்டில் அது எங்கே போகும்? கைப்பேசியில் நீங்கள் பார்க்கும் காற்று அளவிலும் அது வராது. புகைமூட்டம் தீரும்வரை விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாமி கோபிக்காது. கொசுவர்த்தியும் வேண்டாம். நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் இருந்தால் படுக்கையறையில் வையுங்கள்.

சாதாரண அறுவை முகக்கவசம் இதற்கு உதவாது. என்95 உதவும், முகத்தோடு ஒட்டி இருந்தால். போட்டதும் மூச்சு முட்டினால் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

தினசரி தடுப்பு இன்ஹேலரை நன்றாக இருக்கும் நாளிலும் விடாதீர்கள். இழுப்பு வந்ததும் அடிக்கும் நீல இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். அது வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்பட்டால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அடித்தும் அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினால் உடனே 995ஐ அழைத்து ஆம்புலன்சை வரவழையுங்கள்.