ஏர்பேக் ரீகால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2012 மாடல் கார், எனக்கு முன்னால் இரண்டு ஓனர்கள். ஏர்பேக் ரீகால் (கோளாறுள்ள பாகத்தை மாற்றித் தர கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைப்பது) இருக்கிறது, மாற்றியாச்சா என்று மெக்கானிக் கேட்கிறார். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரியவில்லை. ஷோரூமுக்குப் போனால் பில் போட்டுத் தீட்டிவிடுவார்களோ? பேசாமல் கனெக்‌ஷனைக் கழற்றிவிடலாமா? - வாசகர், தூத்துக்குடி

பதில்: கழற்றாதீர்கள். உள்ளே இருப்பது வெடிமருந்து மாதிரியான சமாச்சாரம், பழக்கமில்லாதவர் கை வைத்தால் அங்கேயே வெடிக்கலாம். கடிதம் வராததில் அதிசயம் இல்லை, அது கம்பெனியிடம் இருக்கும் விலாசத்துக்குப் போகும், அந்த விலாசம் பெரும்பாலும் முதல் ஓனருடையது. ஆனால் ரீகால் சேஸிஸ் நம்பரை வைத்து வருவது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் அப்படியே இருக்கும். ஆர்.சி.யில் உள்ள அந்த நம்பரை கார் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஷோரூமில் கேளுங்கள்.

விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. வயரிங், சென்சார் கோளாறு என்றால் அது எரியும், உள்ளே இருக்கும் அந்த வெடிமருந்து கெட்டுப்போனது அதற்குத் தெரியாது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டரில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது, அது சூட்டிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்து தன்மை மாறி, மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, இரும்புக் கூட்டையே உடைத்து, சில்லுகளை ஓட்டுபவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் வீசியடித்தது. சாதாரண மோதலிலேயே ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல், மலேசியாவிலும் சிலர். அமெரிக்காவில் திரும்பப் பெற உத்தரவான இன்ஃப்ளேட்டர்கள் ஏறக்குறைய 6.7 கோடி. 2017-இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்த டகாட்டா, அதே வருடம் திவாலானது. இந்தியாவிலும் இதற்காக வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் வண்டியில் அந்த இன்ஃப்ளேட்டர்தானா என்பது நம்பரைப் போட்டால்தான் தெரியும், ஆனால் தூத்துக்குடி வெயிலையும் கடல்காற்றையும் நினைத்தால், நான் நாளைக்கே போய்ப் பார்ப்பேன்.

ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. காசு கேட்டால், ஜாப் கார்டில், அதாவது ஷோரூமில் வேலை விவரம் எழுதும் சீட்டில், எழுதித் தரச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் கம்பெனிக்கு இமெயில், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அரசே ரீகாலுக்கு உத்தரவிடும் விதிகள் 2021 ஏப்ரலில் வந்தன, ஆனால் அவை 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். வயதாக ஆகத்தான் கெடும் ஒரு பொருளுக்கு இப்படியொரு வரம்பு வைத்தது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. உங்கள் விஷயத்தில், கம்பெனி தானாக அறிவித்த ரீகாலைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ரீகால் வந்துவிட்டால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்க முடியுமா? - வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவில் முழு விலையும் தருவது, வேறு வண்டி தருவது, பழுது பார்த்துத் தருவது என்று மூன்றும் இருக்கின்றன, நடுவில் ‘அல்லது’ போட்டுவிட்டார்கள். கம்பெனி எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டுமா? ஆனால் பழுது பார்க்காமல் இழுத்தடித்தாலோ, அந்தக் கோளாறால் காயம் பட்டாலோ நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சரி, பழுது பார்க்கும்வரை ஓட்டலாமா? அது நோட்டீஸைப் பொறுத்தது. 2023 ஜனவரியில் மாருதி ஏர்பேக் கண்ட்ரோலருக்காக (ஏர்பேக்கை விரிய வைக்கும் கருவி) 17,362 கார்களைத் திரும்ப அழைத்தபோது, மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்றே சொன்னது.

கேள்வி: தம்பியின் கார் லாரியில் நேருக்கு நேர் மோதியது, ஒரு ஏர்பேக்கும் விரியவில்லை. மோதிய வேகமும் கோணமும் போதாது என்கிறது கம்பெனி. ரீகால் எதுவும் இல்லையாம். இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் (சரிசெய்து பயனில்லாத அளவு சேதம்) போட்டு வண்டியை எடுத்துப்போகப் போகிறார்கள். கேஸ் நிற்குமா? - வாசகர், சேலம்

பதில்: முதலில் வண்டியை விட்டுவிடாதீர்கள், உங்களுக்குச் சாட்சியே அதுதான். ஏர்பேக் பரிசோதனை முடியும்வரை வண்டியை அப்படியே வைக்கும்படி இன்சூரன்ஸுக்கும் கார் கம்பெனிக்கும் எழுத்தில் கேளுங்கள். போட்டோ, சர்வேயர் ரிப்போர்ட், எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி பில், சர்வீஸ் பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

ரீகால் இல்லாததால் வழக்கு நிற்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2017-இல் டெல்லிக்காரர் ஒருவரின் ஹூண்டாய் கிரெட்டா விபத்தில் சிக்கி, முன்பக்கம் பலத்த சேதம், ஏர்பேக் விரியவில்லை. கம்பெனி இதே மாதிரி மோதலின் விசையைப் பேசியது. வேகம், விசைக் கணக்கெல்லாம் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 3 லட்சம் ரூபாயும் புது வண்டியும் தரச் சொன்ன மாநில நுகர்வோர் ஆணைய உத்தரவை 2022 ஏப்ரலில் உறுதி செய்தது. நாலரை வருடம் ஆகியிருக்கிறது, அந்தப் பொறுமை வேண்டும். அதற்காக விரியாத ஏர்பேக் எல்லாம் கோளாறு என்று அர்த்தமில்லை. பின்னால் இடித்தால் முன் ஏர்பேக் விரியாமல் இருப்பது சாதாரணம். உங்களுடையது நேர் மோதல் என்பதால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

தம்பி குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் போதும், அந்த விலை 10 முதல் 20 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் வெறும் 400 ரூபாய். ஆய்வுக்கூடப் பரிசோதனைக்கு உத்தரவிடும்படி அந்த மனுவிலேயே கேளுங்கள். புகாரை விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கம்பெனியோடு இமெயில் போட்டுக்கொண்டிருக்கும் மாதங்களும் அதில்தான் கழியும்.